வலிக்காத கொண்டை: நீண்ட கூந்தலுக்கு 25 குறிப்புகள்

இடுப்பைத் தொடும் கூந்தல் இருந்தாலும் பலருக்குத் தினமும் வாய்ப்பது இரண்டே கோலம்தான். காலையில் ஒரு பின்னல், அடுப்படிக்குப் போகும்போது ஒரு கிளிப். கொண்டை என்றால் கல்யாணத்துக்கு மட்டும், அதுவும் பியூட்டி பார்லரிலிருந்து ஆள் வந்து டப்பா டப்பாவாக ஊசி குத்தினால்தான் நிற்கும் என்று நினைத்துவிடுகிறோம். மண்டபத்திலிருந்து திரும்பியதும் தலை விண்ணென்று வலிக்கிறது. ஊசியைக் கழற்றக் கழற்ற முடியும் கையோடு வருகிறது. இவ்வளவு கஷ்டம் தேவையே இல்லை. ஒழுங்காகப் போட்ட கொண்டையில் முடியே முடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஊசிக்கு மிஞ்சுவது சின்ன வேலைதான். கூந்தலை ஐந்து விதமாக முடிப்பதைச் சங்க இலக்கியம் ஐம்பால் என்கிறது. அந்த ஐந்தில் கொண்டையும் ஒன்று என்று உரையாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஹேர் ஸ்ப்ரேயும் பாபி பின்னும் வருவதற்கு வெகு காலம் முன்பே நின்ற கொண்டை இன்று சரிகிறது என்றால், கைப்பழக்கம் விட்டுப்போனதுதான் காரணம். பழகினால் திரும்ப வந்துவிடும்.

1. தலைக்குக் குளித்த நாளைவிட மறுநாள்தான் கொண்டைக்கு ஏற்றது. ஷாம்பூவோ சீயக்காயோ போட்டு அலசிய முடி வழவழவென்று நழுவும், ஊசி பிடிக்காது. ஒரு நாள் போனால் தலையில் ஊறும் இயற்கை எண்ணெய் முடிக்கு ஒரு பிடிமானம் கொடுத்துவிடும். விசேஷம் வெள்ளிக்கிழமை என்றால் வியாழக்கிழமையே தலைக்குக் குளித்துவிடுங்கள். அன்றே குளித்து அன்றே போட்டாக வேண்டும் என்றால், இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, முடியின் நடுவிலிருந்து நுனி வரை தடவுங்கள். வேர்ப்பகுதியில் தடவினால் உச்சி படிந்துபோய் முகம் களையிழந்துவிடும்.

2. ஈரத் தலையில் கொண்டை போடாதீர்கள். அவசரத்தில் நாம் அதிகம் செய்யும் தப்பு இதுதான். நனைந்த முடி நீளமாக இழுபடும், எளிதில் அறுந்தும் போகும். அதை முறுக்கிச் சுற்றினால் உள்சுற்று மாலை வரை காயாது. வாடை வரும், பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு அந்தப் புழுக்கம் வசதியாகிவிடும். ஈரம் உலரும்வரை விரித்துப் போட நேரமில்லையென்றால், காதோரம் இரண்டு பக்கமும் கொஞ்சம் முடி எடுத்து நடுவில் தளரப் பின்னி, மிச்சத்தைத் தொங்கவிட்டு நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய்க் குளியல் முடிந்த வீடுகளில் பாட்டிமார் செய்தது அதைத்தான். காற்றும் போகும், முடியும் முகத்தில் விழாது.

3. சிக்கு எடுக்காமல் எந்தக் கொண்டையும் தொடங்கக் கூடாது. அகலப் பல் சீப்பால் நுனியில் ஆரம்பித்து, ஒரு சாண் ஒரு சாணாக மேலே ஏறுங்கள். உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் சிக்கெல்லாம் கீழே போய் ஒரே முடிச்சாகச் சேர்ந்துகொள்ளும்.

4. கடையில் பொட்டலம் கட்டும் ரப்பர் பேண்ட் வேண்டவே வேண்டாம். அது முடியோடு ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது அறுத்துக்கொண்டுதான் வரும். துணி சுற்றிய பேண்ட் வாங்குங்கள், அதிலும் உலோக இணைப்பு இல்லாததாக. வெறும் ரப்பர் ஏற்கெனவே சிக்கியிருந்தால் இழுக்காமல், சின்னக் கத்தரியால் ரப்பரை வெட்டி எடுத்துவிடுங்கள்.

5. பாபி பின்னில் ஒரு கால் நேராகவும் இன்னொரு கால் நெளிநெளியாகவும் இருக்கும். நெளிவான கால் தலையை ஒட்டி உள்ளே போக வேண்டும். அந்த நெளிவுதான் முடியைப் பற்றும். நம்மில் பெரும்பாலோர் திருப்பித்தான் மாட்டுகிறோம். ஒரே ஒரு பின் நிற்காத இடத்தில், இன்னொன்றைக் குறுக்கே பெருக்கல் குறி போல மாட்டினால் இரண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். பின்னைப் பல்லால் கடித்துத் திறக்காதீர்கள்: பல்லுக்கும் கேடு, நுனியில் இருக்கும் சிறு உருண்டையும் உதிர்ந்துவிடும். உருண்டை போன ஊசி தலையைக் கீறும். அதைத் தூக்கிப் போடுங்கள்.

6. கொண்டையின் கனத்தைத் தாங்குவதற்குப் பாபி பின் சரிப்படாது. 1920-களில் பெண்கள் முடியைக் காது வரை குட்டையாக வெட்டிக்கொண்ட காலத்தில் அந்த முடியைப் படிய வைப்பதற்காகப் பரவிய ஊசி அது. கொஞ்சம் முடியை அழுத்திப் பிடிக்கும், அவ்வளவுதான். கனத்துக்கு இரண்டு கால் அகன்று நிற்கும் பழைய கொண்டை ஊசிதான் வேண்டும். அதைக் குத்துவதில் ஒரு முறை இருக்கிறது. கொண்டையின் வெளி ஓரத்திலிருந்து கொஞ்சம் முடியை ஊசியின் நுனியால் அள்ளுங்கள். ஊசி அப்போது கொண்டையை விட்டு வெளிப்பக்கம் பார்த்திருக்கட்டும். அப்படியே தலையோடு ஒட்டிய முடியையும் கொஞ்சம் அள்ளிக்கொண்டு, ஊசியை மறுபக்கம் புரட்டி, கொண்டையின் மையத்தை நோக்கித் தள்ளுங்கள். இப்போது கொண்டையும் தலைமுடியும் ஒரு தையல் போட்டது போல இணைந்துவிடும். இந்த விதத்தில் மேலே, கீழே, இடம், வலம் என்று நாலு ஊசி போட்டால் நடுத்தரக் கனமுள்ள கூந்தலுக்குப் போதும். நேராகக் குத்திய ஊசி எத்தனை இருந்தாலும் ஒவ்வொன்றாக வெளியே வந்துவிடும். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றைப் பழகுவதாக இருந்தால் இதைப் பழகுங்கள்.

7. கோடாலி முடிச்சு. ஊசி, பேண்ட், கிளிப் எதுவும் இல்லாமல் நிற்கும் கொண்டை. வயலில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்த பெண்கள் போட்டது. இன்றைக்கும் கிராமத்தில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் பேசிக்கொண்டே போட்டுவிடுவார்கள். முடி முழுவதையும் பிடரியில் சேர்த்து வலது கையில் பிடியுங்கள். இடது கை விரல்கள் நான்கையும் பிடரியை ஒட்டி வையுங்கள். முடியை ஒரே திசையில் முறுக்கியபடி, அந்த விரல்களைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். நுனி ஒரு சாண் மிச்சம் இருக்கும்போது நிறுத்தி, இடது கை விரல்களாலேயே அந்த மிச்சத்தின் நடுப்பகுதியைக் கவ்வி, சுற்றுக்குள் இழுத்துக்கொண்டே கையை வெளியே எடுங்கள். முழுவதையும் உருவிவிடக் கூடாது. பாதி வளையமாக வெளியே நிற்க வேண்டும். நுனி கீழே தொங்கட்டும், அல்லது சுற்றுக்கு அடியில் செருகிவிடுங்கள். முதலில் சில தடவை அவிழ்ந்து விழும். முறுக்கு போதாததுதான் காரணம். சுற்றும்போதும் முறுக்கை விடாமல் இருந்தால் முடிச்சு இறுகும். வீட்டு வேலைக்கு இதைவிட நல்ல கொண்டை இல்லை என்பது என் உறுதியான எண்ணம். தலையில் ஓரிடத்திலும் இழுக்காது. அவிழ்க்க வேண்டுமென்றால் நுனியை ஒரு முறை இழுத்தால் போதும்.

8. பென்சில் கொண்டை. அலுவலக மேசையில் உட்கார்ந்தபடியே போடலாம். முடியை முறுக்கிப் பிடரிக்குக் கொஞ்சம் மேலே சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். பென்சிலைச் சுற்றின் ஓரத்தில் மேலிருந்து செருகி, கொஞ்சம் முடியைக் கோத்து, புரட்டி, தலையை உரசினாற்போல அடிப்பக்கமாக மறு ஓரத்துக்குத் தள்ளுங்கள். ஆறாம் குறிப்பில் சொன்ன அதே புரட்டல்தான். பென்சில் ஒரு சாணுக்குக் குறையாமல் இருக்கட்டும். உருண்டைப் பென்சில் வழுக்கும், பட்டைப் பென்சில் நிற்கும். சீவிய கூர்முனையைக் கொண்டைக்குள் விடாதீர்கள். வழவழப்பான மரக்குச்சி கிடைத்தால் இன்னும் நல்லது.

9. முறுக்குக் கொண்டையில் திசைதான் எல்லாமே. குதிரைவால் கட்டி, அதை இரண்டாகப் பிரியுங்கள். இரண்டு பிரியையும் தனித்தனியாக வலப்பக்கமாக முறுக்குங்கள். பிறகு ஒன்றையொன்று சுற்றும்போது மட்டும் இடப்பக்கமாகச் சுற்றுங்கள். கயிறு திரிப்பவர்கள் செய்வதும் இதுவே: ஒரு முறுக்கு அவிழப் பார்க்கும்போது மற்றது இறுகுகிறது. இரண்டையும் ஒரே திசையில் செய்துவிட்டால் கையை எடுத்ததுமே பிரிந்துவிடும். திரித்ததை அடியைச் சுற்றிப் படிய வைத்து, நுனியை உள்ளே விட்டு ஊசி போடுங்கள்.

10. மிகக் கனத்த கூந்தல் உள்ளவர்கள் எல்லா முடியையும் ஒரே குதிரைவாலாகக் கட்டக் கூடாது. முழுக் கனமும் ஒரே வளையத்தில் தொங்கும். சாயங்காலத்துக்குள் கொண்டை ஒரு விரல்கடை கீழே இறங்கி, உச்சந்தலையில் வலி பிடித்துவிடும். காதுக்கு மேலே உள்ள முடியை ஒரு குதிரைவாலாகவும், கீழே உள்ளதை அதை ஒட்டி அடியில் இன்னொன்றாகவும் கட்டுங்கள். மேலே உள்ளதைச் சுற்றி முதலில் சிறு கொண்டை போட்டு ஊசி குத்தி நிறுத்துங்கள். கீழே உள்ளதைப் பின்னி, அந்தக் கொண்டையைச் சுற்றி வளைத்து விடுங்கள். பாரம் இரண்டு இடத்தில் பகிர்ந்துவிடும். பார்ப்பதற்கு ஒரே கொண்டைதான்.

11. சடைக் கொண்டை எல்லாருக்கும் பொருந்தும். வழக்கமான மூன்று கால் பின்னலைப் பிடரியிலிருந்து நுனி வரை பின்னி முடித்ததும், உடனே சுற்றிவிடாதீர்கள். நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பின்னலின் ஓரங்களை விரலால் மெல்ல இழுத்து அகலப்படுத்துங்கள். அடியிலிருந்து மேல் நோக்கி வர வேண்டும். மெல்லிய கூந்தல்கூட ஒன்றரை மடங்கு தெரியும். பிறகு தட்டையாக, ஒரு சுற்றின் ஓரத்தை அடுத்த சுற்று தொட்டுக்கொண்டிருக்கும்படி சுற்றுங்கள். நான்கு கால், ஐந்து கால் பின்னல் தெரிந்தவர்கள் அதில் செய்து பார்க்கலாம், அழகு கூடும்.

12. ரோஜாக் கொண்டைக்கு மேற்சொன்ன பின்னலில் ஒரு பக்க ஓரத்தை மட்டும் இழுத்து விடுங்கள். இழுத்த பக்கம் வெளியே வரும்படி சுற்றினால் இதழ் இதழாக விரியும். மாலை வரவேற்புக்கு நன்றாக இருக்கும்.

13. கொண்டைக்கு உள்ளே வைக்கும் டோனட் வளையத்தைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. ஜோடி தொலைந்த கறுப்பு சாக்ஸ் ஒன்றை எடுத்து, விரல் பக்கத்தை வெட்டிவிட்டு, வளையமாகச் சுருட்டுங்கள். குதிரைவாலை அதற்குள் நுழைத்து, முடியைக் குடைபோல எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்பி, மேலே ஒரு மெல்லிய பேண்ட் போடுங்கள். குட்டை முடிக்கு இதோடு முடிந்தது. நீண்ட கூந்தலுக்கு இங்கேதான் சிக்கல் வரும், கீழே இன்னும் முக்கால் கூந்தல் மிச்சமிருக்கும். அதை இரண்டாகப் பிரித்துப் பின்னி, ஒன்றை வலமாகவும் ஒன்றை இடமாகவும் அடியைச் சுற்றி வளைத்து ஊசி போடுங்கள். கொண்டைக்குக் கரை கட்டியதுபோல் எடுப்பாக இருக்கும். வெளிர் நிற சாக்ஸ் எடுத்துவிடாதீர்கள். எங்காவது ஓர் இடுக்கில் தெரிந்துகொண்டே இருக்கும்.

14. முடி கொட்டி மெலிந்தவர்கள் சவுரி வைக்கத் தயங்க வேண்டாம். நம் பாட்டிமார் தயங்கியதே இல்லை. சவுரியைக் குதிரைவாலின் மேலே கட்டாமல் அடியில் கட்டினால் கயிறு தெரியாது. மாதம் ஒரு முறை ஷாம்பூ கலந்த தண்ணீரில் ஊறப்போட்டு, கசக்காமல் அலசி, நிழலில் தொங்கவிடுங்கள். ஒருவர் வைத்ததை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டாம். பேனும் பொடுகும் கூடவே வரும்.

15. பிரெஞ்ச் ரோலில் ரகசியம் முதல் வரிசை ஊசிதான். முடி முழுவதையும் இடப்பக்கமாக வாரித் தள்ளி, பின்தலையின் நடுவில் பிடரியிலிருந்து மேல் நோக்கிப் பாபி பின்களைப் பெருக்கல் குறிகளாக வரிசையாக மாட்டுங்கள். பிறகு முடியை வலப்பக்கம் கொண்டுவந்து, மேல் நோக்கி முறுக்கி, அந்த வரிசையை மூடுங்கள். மிச்சமிருக்கும் நீளத்தை மடித்து உருளைக்குள் விட வேண்டும். இடுப்புக்குக் கீழே இறங்கும் கூந்தலுக்கு இது ஏற்றதில்லை. மடிக்க மடிக்க உப்பிக்கொண்டு வரும். தோளுக்குக் கீழே ஒரு முழம் வரை உள்ளவர்கள் செய்யுங்கள்.

16. ஆண்டாள் கொண்டை. ஐயங்கார் வீட்டுக் கல்யாணத்தில் மணப்பெண்ணுக்கு. ஆடிப்பூரத்துக்கும் மார்கழிக்கும் குழந்தைகளுக்கு. உச்சிக்கும் காதுக்கும் நடுவில், ஒரு பக்கமாகச் சாய்ந்து உயர்ந்து நிற்பதுதான் இதன் அடையாளம். கேரளத்து மோகினியாட்டத்திலும் பக்கக் கொண்டை உண்டு. அது இடப்பக்கம், தலையோடு அதிகம் படிந்திருக்கும். ஆண்டாள் கொண்டை உயரமானது என்பதால் அதற்கு உள்ளே ஒரு தாங்கல் அவசியம்.

முதலில் நடுவகிடு எடுத்துப் படிய வாருங்கள். எல்லா முடியையும் கொண்டை நிற்க வேண்டிய பக்கத்துக்குக் கொண்டுவந்து இறுக்கமில்லாமல் குதிரைவால் கட்டுங்கள். பழைய கறுப்புத் துணியை உருட்டித் தைத்த சும்மாடு போன்ற வளையத்தையோ சவுரியையோ அதன் அடியில் வைத்து, இரண்டு கொண்டை ஊசியால் தலைமுடியோடு பிணையுங்கள். கூந்தலை முறுக்கி, அடியில் அகலமாகவும் மேலே போகப் போகக் குறுகலாகவும் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் ஊசி. எல்லாம் முடிந்த பிறகு மெல்லிய கறுப்பு வலை ஒன்று போட்டுவிட்டால் பூ சுற்றும்போது கலையாது.

குழந்தைக்குப் போடும்போது நினைவில் வைக்க வேண்டியது வேறு. நாலு வயதுப் பெண்ணின் முடியில் இவ்வளவு கனம் நிற்காது. பஞ்சு அடைத்த துணி உருண்டை ஒன்றை முன்பே பூச்சுற்றித் தைத்து வைத்துக்கொண்டு, குழந்தையின் தலையில் ஒரு சின்னக் குதிரைவால் மட்டும் கட்டி, அதன்மேல் உருண்டையை வைத்து நாடாவால் கட்டிவிடுங்கள். மேடையிலிருந்து இறங்கியதும் உடனே எடுத்துவிடலாம். போட்டோ எடுக்க மாமா வரட்டும் என்று குழந்தையை அந்தப் பாரத்தோடு உட்கார வைக்காதீர்கள்.

17. பூ எவ்வளவு வாங்குவது? முழம் என்பது ஏறக்குறைய 45 செ.மீ. பத்து செ.மீ. அகலமுள்ள கொண்டையின் சுற்றளவு 31 செ.மீ. வரும். ஆகவே ஒரு முழம் ஒன்றரைச் சுற்றுக்கும், இரண்டு முழம் மூன்று சுற்றுக்கும் சரியாக இருக்கும். அதற்கு மேல் வாங்கினால் பாரம்தான். சரத்தைக் கொண்டையின் உச்சியில் சுற்றாமல் அடியில் சுற்றுங்கள், நழுவாது. ஊசி பூவில் குத்தாமல் இரண்டு கண்ணிகளுக்கு நடுவே நாரில் பட வேண்டும். கடைக்காரர் தெளித்த தண்ணீரை உதறிவிட்டுச் சூடுங்கள், கனம் நன்றாகவே குறையும்.

மாலை விசேஷத்துக்கு மொட்டாகக் கட்டிய மல்லிகை வாங்குங்கள்; பந்தியில் உட்காரும் நேரத்துக்கு மலர்ந்திருக்கும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு இதழ் தடிமன், அதனால் சீக்கிரம் வாடாது. வெயில் நேரத்துக் காலைக் கல்யாணத்துக்குக் கனகாம்பரம் சிறந்தது. வாசனை கிடையாது, ஆனால் எடையும் கிடையாது.

18. நெற்றியோரம் பறக்கும் குட்டி முடிகளுக்கு ஜெல் வீட்டிலேயே செய்யலாம். கால் கப் ஆளி விதையை இரண்டு கப் தண்ணீரில் போட்டு, மிதமான தீயில் கிளறிக்கொண்டே கொதிக்க விடுங்கள். ஏழெட்டு நிமிடத்தில் முட்டையின் வெள்ளைக்கரு பதத்துக்கு வரும். சூடாக இருக்கும்போதே மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். ஆறிவிட்டால் துணியில் இறங்காது. மூடியுள்ள பாட்டிலில் ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வரும். பழைய டூத் பிரஷ்ஷை நன்றாகக் கழுவி, நுனியில் துளி ஜெல் தொட்டு, முடி வளரும் திசையில் நீவுங்கள். விதை வாங்கச் சோம்பலாக இருந்தால் தொட்டியில் வளரும் கற்றாழையின் சோறு போதும்.

19. ராக்கொடி, சூரியன், சந்திரன் போன்ற தலைநகைகளை ஊசியால் குத்தி நிறுத்தப் பார்க்காதீர்கள். பின்னால் உள்ள வளையத்தில் கறுப்பு நூலை இரட்டையாகக் கோத்து, கொண்டையைச் சுற்றிக் கட்டி, முடிச்சை உள்ளே தள்ளிவிடுங்கள். நகையும் பத்திரம்.

20. கொண்டை எந்த உயரத்தில் இருக்க வேண்டும்? வட்ட முகத்துக்கு இது, நீள முகத்துக்கு அது என்று பத்திரிகைகளில் அட்டவணை போடுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அன்றைக்கு உங்களுக்கு என்ன வேலை என்று பார்த்து முடிவு செய்யுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் பிடரியில் காற்றுப் பட உச்சிக் கொண்டை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கும், பஸ்ஸில் நீண்ட தூரம் போகிறவர்களுக்கும் பக்கக் கொண்டையோ உயரக் கொண்டையோ வசதி. பட்டுப்புடவை, ஜிமிக்கி, ஆரம் என்று இருந்தால் பிடரியை ஒட்டிய தாழ்வான கொண்டை. அடுப்படியில் நிற்கும்போது மட்டும் நைலான் வலையும் பிளாஸ்டிக் கிளிப்பும் வேண்டாம், அனலில் உருகக்கூடியவை. கோடாலி முடிச்சுப் போட்டுப் பருத்தித் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள்.

21. ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். ஹெல்மெட்டுக்குள் கொண்டை இருந்தால் ஹெல்மெட் தலையில் முழுதாக இறங்காது. மேலே தூக்கிக்கொண்டு நிற்கும் ஹெல்மெட் விழும்போது காப்பாற்றாது. உள்ளே கிளிப்போ இரும்பு ஊசியோ இருந்தால் அடிபடும் நேரத்தில் அதுவே தலையில் குத்தும். பின்னலாகப் பின்னி உடைக்குள் விட்டுக்கொண்டு போங்கள், போய்ச் சேர்ந்ததும் சுற்றிக்கொள்ளலாம். பின்சீட்டில் உட்கார்ந்து போகிறவர்களுக்கும் இதுவேதான்.

22. தோள்வலி, மூட்டுவலி உள்ள வயதானவர்களுக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்குவதே பெரும்பாடு. அதனால்தான் பலர் ‘வெட்டிவிடு’ என்று சொல்லிவிடுகிறார்கள், மனமில்லாமலே. வெட்டுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். மேசையில் முழங்கையை ஊன்றி உட்காரச் சொல்லி, தலையைக் கொஞ்சம் குனிய வைத்தால் கையைப் பாதி உயரம் தூக்கினால் போதும். முடியை முன்பக்கம் தோள்மேல் கொண்டுவந்து பின்னி, பிறகு காதுக்குப் பின்னால் சுற்றி, பெரிய பல்லுள்ள ஒரே ஒரு கிளிப்பால் கவ்வ வைக்கலாம். அதுவும் முடியாத அம்மாவுக்கோ மாமியாருக்கோ காலையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து நீங்களே போட்டுவிடுங்கள். நரைத்த, மெலிந்த முடியை இழுக்கவே கூடாது. கொண்டை நெல்லிக்காய் அளவு இருந்தாலும் அவர்களுக்கு அதில் நிறைவு உண்டு.

23. படுத்தே இருக்க வேண்டியவர்களுக்குப் பின்தலையில் கொண்டை வைக்காதீர்கள். பிரசவத்துக்குப் போகும் பெண்ணுக்கு இரட்டைச் சடை பின்னி முன்னால் விடுவார்கள். மல்லாந்து படுத்தால் பின்னால் எதுவும் அழுத்தக் கூடாது, முடியும் சிக்காமல் இருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும், காய்ச்சலில் கிடப்பவர்களுக்கும் அதையே செய்யுங்கள். ஊசி ஒன்றுகூட வேண்டாம்.

24. கொண்டை வலிக்கிறதென்றால் அது தப்பாகப் போட்ட கொண்டை. பழகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். புருவம் மேலே இழுபடுகிறதா, நெற்றியோரத்தில் வேர்க்கால்கள் சிவந்து சின்னச் சின்னப் பருவாக இருக்கிறதா என்று பாருங்கள். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டினால் முன்நெற்றியிலும் காதோரத்திலும் முடி விலகிப் போகும். ஆரம்பத்தில் இறுக்கத்தை நிறுத்தினால் திரும்ப முளைக்கும்; வேர்க்கால் தழும்பாகிவிட்டால் முளைக்காது. நடனம் கற்கும் பெண்களும், சீருடையோடு தினமும் கொண்டை போட்டாக வேண்டிய நர்ஸ்களும் போலீஸ்காரர்களும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வகிட்டை மாற்றுங்கள், கொண்டையின் இடத்தை ஒரு நாள் மேலே, ஒரு நாள் கீழே என்று மாற்றுங்கள். கட்டி முடித்ததும் இரண்டு கை விரல்களாலும் நெற்றியோர முடியைக் கொஞ்சம் முன்னால் தள்ளித் தளர்த்துங்கள். தோற்றம் கெடாது, வேருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். இறுக்கத்தைத் தளர்த்திய பிறகும் நெற்றியோரம் முடி கொட்டுவது நிற்கவில்லையென்றால் எண்ணெய் மாற்றிக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

25. அவிழ்ப்பதற்கும் பொறுமை வேண்டும். கடைசியாகக் குத்திய ஊசியை முதலில் எடுங்கள். குத்திய வழியிலேயே திருப்பி உருவினால் முடி வராது. பூவை எடுக்கும்போது நாரைக் கத்தரித்துவிட்டால் முடி சிக்காது. ஸ்ப்ரே அடித்திருந்தால் அப்படியே சீப்பு வைக்காமல், தேங்காய் எண்ணெயை இளஞ்சூடாக்கித் தடவி அரை மணி நேரம் ஊறவிட்டு, விரலால் பிரித்த பிறகு சீவுங்கள். கொண்டையோடு தூங்காதீர்கள், தளர ஒரு பின்னல் போட்டுப் படுங்கள். கழற்றிய ஊசிகளை எண்ணி எடுத்து, பீரோக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டிய ஒரு காந்தத் துண்டில் போட்டுவைத்தால், அடுத்த முகூர்த்தத்தன்று வீடு முழுக்கத் தேட வேண்டியிருக்காது. துருப்பிடித்ததை அப்போதே கழித்துவிடுங்கள்.